பிரான்ஸ் கிராமங்களுக்குள் சைக்கிளில் சுற்றிவர ஆசை. வயது 45, மேடு ஏறிப் பழக்கமில்லை, பிரெஞ்சும் தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். நீங்கள் அநேகமாக ஜூலை மாதம் டிவியில் டூர் டி பிரான்ஸ் பார்த்துவிட்டுப் பயந்திருப்பீர்கள். ஆல்ப்ஸில் நாக்குத் தள்ள ஏறுகிறவர்களைப் பார்த்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். அந்தப் பந்தயத்துக்கும் நீங்கள் கேட்பதற்கும் சம்பந்தமே இல்லை. நான் தென்மேற்குப் பிரான்சின் துலூஸ் நகரத்தில் குடியிருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள், முழங்கால் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். நானே போகிறேன். உங்களை மடக்கப்போவது மேடும் இல்லை, மொழியும் இல்லை. சாப்பாடு. அடுத்தது காற்று. இவற்றை யாரும் எழுதுவதில்லை, பூத்துக் கிடக்கும் சூரியகாந்தி வயலைப் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மேடு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் ஊரிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் கனால் து மிடி என்று 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் போகிறது. பதினான்காம் லூயி காலத்தில், 1681-ல் திறந்தது. பழைய நாளில் கரையில் குதிரைகள் நடந்து படகை இழுத்தன. அந்தக் குதிரைப் பாதையில்தான் இப்போது சைக்கிள் போகிறது. தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் போகிற பாதையில் மேடு எங்கிருந்து வரும்? துலூஸிலிருந்து நோரூஸ் என்கிற உச்சி வரை ஐம்பது கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து ஏற்றம் அறுபது மீட்டருக்குள்தான். படகை ஏற்றி இறக்கும் லாக் வருகிற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு சரிவு. ஒவ்வொரு லாக் பக்கத்திலும் பழைய காவலர் வீடு ஒன்று உண்டு. அதன் சுவரில் இந்தப் பக்கத்து லாக் எத்தனை மீட்டர், அந்தப் பக்கத்து லாக் எத்தனை மீட்டர் என்று பலகை பதித்திருக்கும். வழி கேட்கக்கூடப் பிரெஞ்சு தேவையில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். என் நாத்தனார் திருச்சியிலிருந்து வந்திருந்தாள். தினமும் விடிகாலையில் எழுந்து நடக்கிறவள், உடம்பு கம்பி மாதிரி. ஒரு சனிக்கிழமை அவளுக்கு வாடகை எலெக்ட்ரிக் சைக்கிள், எனக்கு என்னுடைய பழைய சைக்கிள் என்று கிளம்பினோம். நோரூஸ் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்து இரவு தங்கல். மறுநாள் ஞாயிறு, அதே கால்வாய்க் கரையில் கர்கசோன் நகரம் வரை போய் ரயிலில் திரும்புவதாகத் திட்டம். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது, வழியில் முதலில் வருகிற காஸ்டெல்நோதாரி ஊரிலேயே ரொட்டியும் சீஸும் வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று காலையிலேயே சொன்னேன். கேட்டால்தானே.

"என்ன அண்ணி இது, ஊர்னு ஒண்ணு இருந்தா ஒரு டீக்கடை கூடவா இருக்காது? போற வழியில பாத்துக்கலாம்."

இருக்காது. இதுதான் நம்மவர்கள் யாருக்கும் மனதில் ஏறாத விஷயம். திண்டுக்கல் பக்கம் எந்தக் குக்கிராமத்தில் சைக்கிளை நிறுத்தினாலும் டீயும் வடையும் கிடைக்கும். இங்கே கிராமம் என்றால் மணிக்கூண்டு வைத்த ஒரு தேவாலயம், இழுத்துச் சாத்திய ஜன்னல்கள், போர் நினைவுத் தூண், ஒரு பூனை. பேக்கரி இருந்தால் மதியம் பன்னிரண்டரைக்கு மூடுவார்கள், பல ஊர்களில் திங்களும் விடுமுறை. ஹோட்டலில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அடுப்பு எரியும், இரண்டேகாலுக்குப் போய் நின்றால் காபிதான். இவர்களைச் சோம்பேறி என்று திட்டுகிற நம்மூர்க்காரர்களை எனக்குப் பிடிக்காது. இந்தக் கால்வாயை வெட்டிய ரிக்கே, உப்பு வரி வசூலித்துப் பணம் சேர்த்தவர், மழை நாளுக்கும் ஞாயிற்றுக்கும் சேர்த்தே ஆட்களுக்குக் கூலி கொடுத்தவர். அந்த மண்ணில் போய் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திற என்றால் எவன் திறப்பான்?

அன்றைக்கு ஓத்தான் வேறு. தென்கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று. அது தொடர்ந்து வீசினால் ஆளுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். கர்கசோன் போகிறவர்களுக்கு நேர் முகத்தில் அடிக்கும். எந்த மேடும் அந்தக் காற்றைவிடப் பரவாயில்லை, மேடாவது ஒரு இடத்தில் முடியும். பாதையும் நோரூஸ் தாண்டியதும் மாறிவிடும். அதுவரை தார் போட்ட வழி, அப்புறம் பல இடங்களில் மண்ணும் சரளையும், கரையோரம் நிழலுக்கு நிற்கிற பிளாட்டான் மரத்து வேர்களும். நிழலை நம்பியும் போகாதீர்கள். 2006-லிருந்து ஒரு பூஞ்சை நோய் பரவி ஆயிரக்கணக்கில் மரங்களை வெட்டி எரித்துவிட்டார்கள். புதுக் கன்றுகள் நட்டிருக்கிறார்கள், ஆனால் நிறைய இடத்தில் மொட்டை வெயில்தான். நீங்கள் பார்த்து மயங்கிய படங்களில் பாதி பழைய படங்கள்.

ஒன்றரை மணிக்கு நாத்தனார் உட்கார்ந்துவிட்டாள். பேட்டரி பாதிக்குக் கீழே, தண்ணீர் பாட்டில் காலி. கரையிலிருந்து விலகி மேட்டில் தெரிந்த ஒரு ஊருக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். பேக்கரி மூடியிருந்தது. நான் நேரே இடுகாட்டுக்குப் போனேன்.

"அண்ணி, இங்க எதுக்கு?"

"தண்ணி பிடிக்க."

"சுடுகாட்டுத் தண்ணியா?"

சுடுகாடு இல்லை, இடுகாடு. இந்த நாட்டில் சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. எந்த ஊரிலும் கல்லறைப் பூச்செடிக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊருக்கு வருகிற அதே குடிநீர்தான். "நோ பொத்தாப்ள்", அதாவது குடிக்கத் தகாதது என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். சுகாதாரம், சாஸ்திரம், செத்தவர்களுக்கு மரியாதை என்று கமெண்டில் வருகிறவர்கள் ஆகஸ்ட் வெயிலில் காலி பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அவளுக்கும் முதலில் மூஞ்சி கோணியது. பிறகு ஒரே மூச்சில் பாட்டிலைக் காலி செய்துவிட்டு மறுபடி பிடித்தாள்.

அங்கே ஒரு பாட்டி பச்சை பிளாஸ்டிக் பூவாளியோடு நின்றிருந்தார். நாத்தனார் அவசரத்தில் "பிரெட்? பிரெட்?" என்றாள். அவர் காது கேட்காதவர்போலப் பூவுக்குத் தண்ணீர் விட்டார். நான் போய் "போன்ஜூர் மதாம்" என்றேன். உடனே பூவாளியைக் கீழே வைத்துவிட்டார். உங்களுக்கு வேண்டிய பிரெஞ்சு இவ்வளவுதான். போன்ஜூர் சொல்லாமல் எதைக் கேட்டாலும் கேட்டதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேயர் அலுவலகத்துக்கு எதிரே பாகெட் என்கிற நீள ரொட்டி விற்கிற மெஷின் இருக்கிறது என்றார், நோட்டு போகாது, சில்லறை மட்டும்தான் என்றார். எங்களிடம் சில்லறை இல்லை. ஐந்து யூரோ நோட்டை நீட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தோல் பர்ஸைத் திறந்து ஒரு யூரோவும் ஐம்பது காசுமாகப் பொறுக்கி எண்ணி வைத்தார். மெஷினில் காசைப் போட்டதும் தட்டென்று பாகெட் விழுந்தது. தேவாலயத் திண்ணையில் உட்கார்ந்து எலுமிச்சை ஊறுகாய் தொட்டு முழுசாகத் தின்றோம். பிரான்சுக்குப் போயும் ஊறுகாயா என்று கேட்காதீர்கள். நான் சுற்றுலாப் பயணி இல்லை, குடியிருப்பவள். நாத்தனார் சைவம் வேறு. காஸ்டெல்நோதாரியின் பெருமையே கசுலே, வெள்ளை பீன்ஸும் வாத்தும் பன்றி இறைச்சியும் போட்டு மண்சட்டியில் வைக்கிற பண்டம். அவள் வாசனைக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.

கர்கசோன் ஏழு மணிக்குமேல்தான் வந்தது. வீட்டுக்குத் திரும்பியதும்தான் எனக்கு உண்மையான கஷ்டம். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும், இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சைக்கிள் அறை என்று ஒன்று இருக்கிறது. உள்ளே உடைந்த குழந்தை வண்டிகள், யாரோ போட்ட மெத்தை, காற்றே இல்லாத அநாதை சைக்கிள்கள். நிர்வாகத்துக்கு எழுதினேன், கூட்டத்தில் கையைத் தூக்கிப் பேசினேன். தீர்மானம் நிறைவேறியது, மெத்தை அங்கேயே இருக்கிறது. நான் மட்டும் பராமரிப்புக் கட்டணம் கட்டிவிட்டு சைக்கிளை மூன்றாம் மாடி பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். முழங்கால் தேய்ந்தது சைக்கிள் ஓட்டியா, இதைத் தூக்கியா என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும்.

உங்களுக்கு: முதல் தடவை என்றால் கர்கசோன் பக்கம் போகாதீர்கள். துலூஸிலிருந்து எதிர்த்திசையில் கரோன் கால்வாய் போகிறது, 193 கிலோமீட்டர், சைக்கிள் பாதை தார் போட்டது. மோய்சாக்கில் ஒரு இரவு தங்கலாம். ஆஜான் ஊரில் ஆற்றுக்கு மேலேயே 539 மீட்டர் நீளத்துக்குக் கால்வாய்ப் பாலம் போகிறது, அதன் ஓரமாகச் சைக்கிளை ஓட்டலாம். ஓத்தான் அடிக்கிற நாளில் அங்கே போனால் காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளும். திரும்ப வட்டார ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம், கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பும், காலை வண்டி நல்லது. சனிக்கிழமையே இரண்டு வேளைச் சாப்பாடு வாங்கிக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் சைக்கிள் எடுத்தால் சார்ஜரைத் தங்கும் வீட்டில் மறந்துவிடாதீர்கள். எலெக்ட்ரிக் சைக்கிளே ஏமாற்று வேலை என்று சொல்ல வருகிறவர்களுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.