இறந்தவரின் தலை ஸ்கேனை வைத்து ஆளை அடையாளம் காண முடியுமா?

"டிஎன்ஏ இருக்கும்போது இறந்தவர் தலையை சிடி ஸ்கேன் எடுத்து என்ன ஆகப்போகிறது, அதில் பெயரா எழுதியிருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் இருக்காதுதான். ஆனால் அதே ஆள் உயிரோடு இருந்தபோது எடுத்த ஒரு தலை ஸ்கேனோ எக்ஸ்ரேயோ கைக்கு வந்துவிட்டால், பல நேரங்களில் அன்றைக்கே பதில் சொல்லிவிடலாம். பழைய படம் கிடைக்காவிட்டால் வயது, பாலினம், பழைய அறுவை சிகிச்சை என்று தேடலின் வட்டத்தைச் சுருக்கலாம், அவ்வளவுதான். வீட்டில் யாரையாவது தேடிக்கொண்டிருக்கும் நிலையில் இதைக் கேட்கிறீர்கள் என்றால், முதல் வேலையாக அவருடைய பழைய படங்களைத் தேடி எடுங்கள்.

கைரேகை, பல், டிஎன்ஏ மூன்றையும்தானே இன்டர்போல் முதன்மை அடையாளமாகச் சொல்கிறது என்று சிலர் வாதத்துக்கு வருவார்கள். மறுக்கவில்லை. அவற்றைத் தூக்கிப்போடச் சொல்லவும் இல்லை. ஆனால் எரிந்த உடலில் பெரும்பாலும் விரல் நுனி இருக்காது. டிஎன்ஏவுக்கு ஒப்பிட உறவினரோ அவருடைய பழைய மாதிரியோ வேண்டும், பெரும்பாலும் நாட்களும் ஆகும். பல்லோ இதே ஸ்கேனிலேயே வந்துவிடுகிறது. இது சிடி வந்தபிறகு முளைத்த யோசனையும் அல்ல. நெற்றிச் சைனஸை வைத்து ஆளை அறியலாம் என்று ஆஸ்திரிய எக்ஸ்ரே மருத்துவர் ஷூல்லர் 1921-இலேயே எழுதினார். சாதாரண எக்ஸ்ரே ஃபிலிம்களை ஒப்பிட்டு ஒரு உடலை அடையாளம் கண்டதை 1927-இல் கல்பர்ட், லா என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்டார்கள்.

புருவத்துக்கு மேலே, நெற்றி எலும்பின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கும் காற்றறைதான் அந்தச் சைனஸ். ஐந்தாறு வயதுக்கு மேல்தான் படத்தில் தெரிய ஆரம்பிக்கும், இருபதை ஒட்டி வளர்ச்சி நின்றுவிடும். அதனால் 8 வயதில் எடுத்த படத்தை 25 வயது உடலோடு ஒப்பிட்டு "சைனஸ் பொருந்தவில்லை" என்று எழுதுவது பெரிய தவறு. வளர்ந்தவருக்கு அதன் மேல்விளிம்பு வளைவு வளைவாகப் போகும். வலப்பக்கம் மூன்று வளைவு இருந்தால் இடப்பக்கம் ஐந்து இருக்கலாம். நடுச்சுவர் கீழே நேராகத் தொடங்கி மேலே போகப் போக ஒரு பக்கம் சாயும். உள்ளே அரைகுறைத் தடுப்புகள் நிற்கும். வழக்கமான டிஎன்ஏ சோதனை பிரித்துக் காட்டாத ஒரே கருமுட்டை இரட்டையருக்குக்கூட இந்த வடிவம் வேறுபடுகிறது. சிலருக்கு இந்தச் சைனஸே உருவாகியிருக்காது. அப்போது காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு காற்றறைகள், மூக்குக்குப் பின்னால் மண்டையின் நடுவில் இருக்கும் ஸ்பீனாய்டு சைனஸின் தடுப்புகள், மண்டையோட்டின் உட்புறம் ரத்தக்குழாய் பதித்த தடங்கள் ஆகியவற்றுக்குப் போக வேண்டும்.

ஸ்கேன் எடுக்கும் முறையில்தான் பாதி வேலை கெடுகிறது. உடலைப் பையிலிருந்து எடுக்காமலே எடுக்கலாம். எரிந்த உடலென்றால் கட்டாயம் அப்படித்தான், தூக்கும்போதே பற்கள் நொறுங்கிவிடும். ஆனால் பையின் உலோக ஜிப் தலைக்கு நேராக வரக்கூடாது. உச்சந்தலையிலிருந்து தாடைக்குக் கீழே கழுத்து வரை, 0.6 மி.மீ. அளவு மெல்லிய வெட்டுப் படங்களாக எடுங்கள், 25 செ.மீ. நீளத்துக்கு 400 வெட்டுகளைத் தாண்டும், பரவாயில்லை. கதிர்வீச்சுக்கு இங்கே பயப்பட வேண்டியதில்லை. எலும்புக்கு ஒன்று, மென்திசுவுக்கு ஒன்று என்று இரண்டு வகையாகவும் படத்தைக் கட்டமையுங்கள். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் அந்த மட்டம் முழுக்கக் கீற்றுகளாகிவிடும். தலைக்கடியில் ஒரு ஆப்பு வைத்துச் சாய்த்து இன்னொரு முறை எடுத்தால் கீற்று வேறு பக்கம் போகும், மறைந்தது தெரியும். பொருளின் அடர்த்தியை எண்ணாகக் காட்டுவது ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோல்; கருவியில் அதன் நீட்டித்த வகை இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். வழக்கமான அளவுகோல் 3071-லேயே நின்றுவிடும். அதற்கு மேலே தங்கமும், பல் அடைக்கும் உலோகக் கலவையான அமால்கமும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.

எல்லோரும் வழுக்கும் இடம் வலமும் இடமும். உடல் தலை முன்னாலா கால் முன்னாலா, மல்லாந்தா குப்புறவா என்பதைக் கருவியில் தப்பாகப் பதிந்தால் படம் இடவலமாக மாறிவிடும். அந்தப் பக்கம் பழைய ஃபிலிமைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தாலும் அதே கதைதான். சைனஸ் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததால், சரியான ஆளே வேறொருவராகத் தோன்றுவார். வலது பக்கத்தில் ஒரு சின்ன ஈய எழுத்தை ஒட்டிவிட்டு எடுங்கள்.

ஒப்பிடும்போது உயிரோடு இருந்த காலத்துப் படத்தின் கோணத்துக்கு இறந்தபின் எடுத்த ஸ்கேனைக் கொண்டுவர வேண்டும். பழையது 5 மி.மீ. தடிமன் என்றால் புதியதையும் அந்தத் தடிமனுக்குச் சேர்த்துப் பாருங்கள். மெல்லியதைத் தடிமனாக்கலாம், தடிமனை மெல்லியதாக்க முடியாது. பழையது எக்ஸ்ரே என்றால் சிடியிலிருந்தே அதே கோணத்தில் ஒரு எக்ஸ்ரே போன்ற படத்தை உருவாக்கலாம். ஃபிலிமில் உருவம் பெரிதாகியிருக்கும் என்பதால் மில்லிமீட்டரை நம்பாமல் விகிதத்தைப் பாருங்கள். ஒன்றைப் பார்த்து அம்சங்களை எழுதி முடித்தபிறகுதான் மற்றதைத் திறக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினால் கண் பொருத்தத்தையே கண்டுபிடிக்கும்.

எத்தனை பொருந்தினால் போதும் என்று எண்ணிக்கை கேட்காதீர்கள். விளக்க முடியாத வேறுபாடு ஒன்று இருந்தால் ஆள் அவர் இல்லை. பழைய படத்தில் இருந்த பல் இப்போது இல்லையென்றால் பிடுங்கியிருக்கலாம். பழையதில் அடைத்த பல் இப்போது அடைப்பே இல்லாமல் முழுசாக இருந்தால் காலம் பின்னால் போகாது. மண்டையோட்டில் முன்பு இருந்த அறுவைத் துளைக்கும் இதே கணக்குதான். சைனஸ் அறுவை சிகிச்சையும் எலும்பு முறிவும் வடிவத்தை உண்மையிலேயே மாற்றும். கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விலக்கிவிடாதீர்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்கேன் எடுத்த இடங்களில் ஃபிலிமில் பன்னிரண்டு சின்னப் படங்களைத் தந்துவிட்டு, கருவி பதிந்த முழு அசல் படங்களான டைகாம் கோப்புகளைச் சில வருடத்தில் அழித்துவிடுகிறார்கள். குடும்பம் அந்த ஃபிலிமையும் செல்போனில் படமெடுத்து அனுப்புகிறது. கோணமும் போய், பக்கக் குறியும் வெட்டுப்பட்டு வந்து சேரும். அதை வைத்து ஒரு மனிதருடைய பெயரைச் சொல்லச் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! ஸ்கேன் எடுத்த அன்றே டைகாம் கோப்புகளைக் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஆனால் யாருக்கும் சும்மா பகிராதீர்கள். மெல்லிய வெட்டுகளிலிருந்து தோலோடு முகத்தையே உருவாக்கிவிடலாம். பெயரை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பினால் போதும் என்பது தவறான நம்பிக்கை.