அந்தக் கடைசிச் சுற்று: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு வாசகர், ஃபோர்முலா 1 கார்ப் பந்தயத்தில் நீங்கள் பார்த்த மிகப் பரபரப்பான முடிவு எது என்று கேட்டிருந்தார். 2021 வருடத்தின் கடைசிப் பந்தயமான அபுதாபி என்று சொல்லிவிட்டு, வெர்ஸ்டாப்பன் அந்த வருட உலகச் சம்பியன் பட்டத்துக்குத் தகுதியானவர்தான் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை இத்தனை கடிதங்கள். கொழும்பில் கிரிக்கெட்டைத் தவிர இன்னொரு விளையாட்டுக்காகவும் இவ்வளவு சூடாகச் சண்டை பிடிக்கிறோம் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே கதைப்போம்.

கேள்வி: அண்ணா, பந்தயத்தின் பெரும்பகுதியில் முன்னால் போன ஹமில்டனிடமிருந்து எட்டாவது பட்டத்தைக் கடைசிச் சுற்றில் பிடுங்கிக் கொடுத்தார்கள். அதைத் தகுதி என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? — வாசகர், வெள்ளவத்தை

பதில்: தம்பி, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. 2021 டிசம்பர் 12, ஞாயிறு, எங்கள் நேரம் மாலை ஆறரைக்குப் பந்தயம் தொடங்கியது. நாடு முழுக்க கரண்ட் போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது, அதனால் இன்றைக்கும் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பந்தயத்துக்கு முன் ஹமில்டன், வெர்ஸ்டாப்பன் இரண்டு பேருக்கும் சரியாக 369.5 புள்ளிகள். யார் முன்னால் முடிக்கிறாரோ அவருக்குப் பட்டம், இருவரும் புள்ளி எடுக்காமல் வெளியேறினால் அதிக வெற்றி வைத்திருந்த வெர்ஸ்டாப்பனுக்குப் பட்டம். மொத்தம் 58 சுற்று. 53ஆவது சுற்றில் லட்டிஃபி என்ற இன்னொரு ஓட்டுநரின் கார் சுவரில் மோதும்வரை ஹமில்டன் பத்து வினாடிக்கு மேல் முன்னால் இருந்தார், எல்லாம் முடிந்த கதை மாதிரித்தான் இருந்தது.

அப்புறம் சேஃப்டி கார் வந்தது, அதாவது விபத்து நேரத்தில் எல்லாரையும் மெதுவாகத் தன் பின்னால் வரிசையாகக் கூட்டிப்போகிற கார், அதனால் ஹமில்டனின் இடைவெளியும் கரைந்தது. வெர்ஸ்டாப்பன் உள்ளே போய் புதிய மென்மையான டயர் போட்டுக்கொண்டு வந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து கார்கள்: நோரிஸ், அலோன்சோ, ஓகோன், லெக்லெர், வெட்டல். பின்தங்கிய கார்கள் முந்திப் போக அனுமதி இல்லை என்று முதலில் அறிவிப்பு வந்தது. பிறகு பந்தய இயக்குநர் மைக்கல் மாசி மனதை மாற்றி, அந்த ஐந்து காரை மட்டும் முன்னால் போகவிட்டார், அதே சுற்றின் முடிவில் சேஃப்டி காரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார். பந்தய விதிகளில் 48.12 என்ற பிரிவு, பின்தங்கிய கடைசிக் கார் முந்திப் போன பிறகு, அதற்கு அடுத்த சுற்றின் முடிவில்தான் சேஃப்டி கார் உள்ளே வரவேண்டும் என்று சொன்னது. அப்படிச் செய்திருந்தால் பந்தயம் சேஃப்டி காருக்குப் பின்னாலேயே முடிந்திருக்கும், ஹமில்டன் சம்பியன்.

ஹமில்டனுக்கு அநியாயம் நடந்தது. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஐந்தாவது வளைவில் வெர்ஸ்டாப்பன் உள்பக்கமாக நுழைந்தபோது, அக்காவின் மகன் (அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது) டீவிக்கு இரண்டடி தூரத்தில் நின்று அந்தக் காரைத் தன் உள்ளங்கையால் மூடினான். பிடித்து நிறுத்துகிற மாதிரி. கையை எடுத்தபோது கார் முன்னால் போய்விட்டது, கண்ணாடியில் வியர்வைத் தடம் மட்டும் இருந்தது.

ஆனால் அநியாயம் செய்தவர் வெர்ஸ்டாப்பன் இல்லை, நான் சொல்ல வந்தது இதுதான். அவர் கையில் கிடைத்தது ஒரே ஒரு சுற்று, அதை அவர் ஓட்டினார். அந்த வருடம் அசர்பைஜானின் பாக்குவில் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது அவருக்கு டயர் வெடித்தது, சில்வர்ஸ்டோனில் ஹமில்டனோடு மோதி ஆஸ்பத்திரிக்குப் போனார், ஹங்கேரியில் ஹமில்டனின் அணித்தோழர் பொட்டாஸ் தொடக்கிவிட்ட மோதலில் கார் பாதி உடைந்த நிலையில் ஓடினார். இவ்வளவுக்குப் பிறகும் கடைசிப் பந்தயத்துக்குச் சமமான புள்ளியோடு வந்தவரைத் தகுதியில்லாதவர் என்று நான் எப்படிச் சொல்வேன்? பட்டம் அவருக்குப் பொருத்தமானது, அந்தச் சுற்றை நடத்திய விதம் பிழையானது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தச் சண்டை ஓயாமல் இருக்கிறது.

இன்னொன்று. மூன்றாவதாக வந்துகொண்டிருந்த சைன்ஸை யாரும் நினைப்பதில்லை. அவருக்கு முன்னால் நின்ற பின்தங்கிய கார்களுக்கு வழிவிடச் சொல்லவே இல்லை. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் அவருக்கும் வெர்ஸ்டாப்பனைப் பிடிக்க ஒரு சுற்றுக் கிடைத்திருக்கவேண்டும் அல்லவா?

கேள்வி: ஹமில்டனும் டயர் மாற்றியிருந்தால் பிரச்சினையே இல்லையே. இவ்வளவு பெரிய டீமுக்கு இது தெரியாதா? — டயர் கடை ஊழியர், பஞ்சிகாவத்தை

பதில்: முன்னால் போகிறவருக்கு உள்ள கஷ்டமே இதுதான். ஹமில்டன் உள்ளே போனால் வெர்ஸ்டாப்பன் வெளியே நின்று முதலிடத்தை எடுத்துக்கொள்வார். பந்தயம் சேஃப்டி காருக்குப் பின்னால் முடிந்தால் பட்டமும் போய்விடும். மீதி ஐந்து சுற்று, சுவரில் மோதிய காரை அகற்றவேண்டும், விதிப்படி கணக்குப் போட்டால் மறுபடி ஓட நேரம் இருக்காது என்றே யாரும் நினைப்பார்கள். பின்னால் இருப்பவருக்கு இழக்க ஒன்றும் இல்லை, அவர் முன்னவர் செய்வதற்கு எதிர்மாறாகச் செய்தால் போதும்.

டயர் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. உங்கள் பக்கத்துக் கடையில் ஒருவர் எனக்கு ஒருமுறை காட்டினார்: பழைய டயரில் பெருவிரல் நகத்தை அழுத்தினார், ஒன்றும் விழவில்லை, புதியதில் அழுத்தினார், பிறை மாதிரி ஒரு கோடு விழுந்து மெல்ல மெல்ல மறைந்தது. ஹமில்டன் 14ஆவது சுற்றில் போட்ட கடினமான டயரில் நாற்பதுக்கு மேற்பட்ட சுற்று ஓடியிருந்தார், அதுவும் சேஃப்டி காருக்குப் பின்னால் மெதுவாகப் போய்ச் சூடு ஆறிப்போன டயர். பக்கத்தில் புத்தம் புதிய மென்மையான டயர். அந்த டயரோடு ஐந்தாவது வளைவில் இடம் போன பிறகும், அடுத்த நேர்பாதையில் வெர்ஸ்டாப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்றாரே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

கேள்வி: 369.5இல் அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? — மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: பெல்ஜியத்தின் ஸ்பாவில் இருந்து, தங்கச்சி. அந்த வருடம் அங்கே கொட்டிய மழையில் சேஃப்டி காருக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஊர்வலம் போன மாதிரிப் போய் முடித்து, பாதிப் புள்ளி கொடுத்தார்கள். வெர்ஸ்டாப்பனுக்கு 12.5, மூன்றாவது வந்த ஹமில்டனுக்கு 7.5. கொட்டும் மழையில் மணிக்கணக்காகக் காத்திருந்த சனத்துக்கு அன்று ஒரு உண்மையான சுற்றுக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. 1984இல் பட்டத்துக்கான போட்டியில் லவுடா புரோஸ்ட்டை வென்றதும் அரைப் புள்ளியில்தான், 72க்கு 71.5. அதற்கும் காரணம் மழையால் பாதியில் நிறுத்திய மொனாக்கோ பந்தயம்.

கேள்வி: விதியைப் பிழையாகக் கையாண்டார்கள் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். பிறகு ஏன் முடிவை மாற்றவில்லை? — ஓய்வுபெற்ற ஆசிரியர், தெஹிவளை

பதில்: ஐயா, அன்றிரவே ஹமில்டனின் அணியான மெர்சிடிஸ் இரண்டு ஆட்சேபம் கொடுத்தது, இரண்டையும் நடுவர்கள் தள்ளுபடி செய்தார்கள். சேஃப்டி காரைப் பயன்படுத்துவதில் பந்தய இயக்குநருக்கு மேலான அதிகாரம் உண்டு என்று 15.3 என்ற பிரிவைக் காட்டினார்கள். மேல்முறையீட்டை மெர்சிடிஸ் சில நாளில் கைவிட்டது. 2022 பெப்ரவரியில் மாசியை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள், மார்ச்சில் வந்த எஃப்ஐஏ (கார்ப் பந்தயங்களை நடத்துகிற உலகச் சங்கம்) அறிக்கை இது மனிதத் தவறு, அவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார், முடிவு செல்லும் என்றது. விதியில் இருந்த வாசகத்தையும், பின்தங்கிய “எல்லாக்” கார்களும் என்று தெளிவாக்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு 2007 கிரிக்கெட் உலகக்கிண்ண இறுதிப்போட்டி ஞாபகம் வந்தது, உங்களுக்கும் மறந்திருக்காது. விமானத் தாக்குதலால் நடுச்சாமத்தில் கொழும்பு இருட்டில் கிடந்த அதே இரவு. அங்கே பார்படோஸிலும் வெளிச்சம் போனது, 33 ஓவரோடு ஆட்டம் முடிந்தது என்று அவுஸ்திரேலியர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடவே தொடங்கிவிட்டார்கள். இருபது ஓவர் தாண்டினால் ஆட்டம் செல்லுபடியாகும் என்ற அடிப்படை விதியை, இறுதிப்போட்டிக்குப் பொறுப்பான ஐந்து அதிகாரிகளும் தவறவிட்டு, மீதி மூன்று ஓவரையும் போடவேண்டும் என்றார்கள். பந்து தெரியாத இருட்டில் எங்கள் பொடியன்கள் மறுபடி மட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், அந்த ஐந்து பேரையும் அடுத்து வந்த இருபது20 உலகக்கிண்ணத்தில் சேர்க்கவில்லை.

வித்தியாசம் என்னவென்றால், பார்படோஸில் அந்தப் பிழையால் வெற்றி தோல்வி மாறவில்லை. அபுதாபியில் மாறியது. அதனால்தான் அந்த அறிக்கை எனக்குப் போதவில்லை. முடிவை ரத்துச் செய்யச் சொல்லி நான் கேட்கமாட்டேன், ஓடி முடித்த பந்தயத்தை மேசையில் வைத்துத் திருப்பி எழுதுவது இன்னொரு அநியாயம். ஆனால் இந்தப் பிழை ஒருவருடைய பட்டத்தைப் பறித்தது, அந்த மனிதரின் பெயர் ஹமில்டன் என்று ஒரு வரி நேராக எழுதியிருக்கலாம்.

கேள்வி: லட்டிஃபி வேண்டுமென்றே மோதினார் என்று என் நண்பன் சத்தியம் செய்கிறான். — வாசகர், தெமட்டகொடை

பதில்: இல்லை. மிக் ஷூமாக்கரோடு இடத்துக்குப் போராடிக்கொண்டிருந்தார், பிடி விட்டுச் சுவரில் மோதினார், அவ்வளவுதான். இந்தப் பேச்சுக்காக அந்தப் பிள்ளைக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, அவரே எழுதியிருந்தார். உங்கள் நண்பனிடம் இதைத் தயவுசெய்து சொல்லுங்கள். 2008 சிங்கப்பூரில் பிக்கே ஜூனியர் என்ற ஓட்டுநர் வேண்டுமென்றே மோதியது விசாரணையில் வெளிவந்தது உண்மை, அதற்காகச் சுவரில் மோதுகிற ஒவ்வொருவரையும் சந்தேகிக்கத் தொடங்கினால் நாங்கள் பந்தயமே பார்க்கமுடியாது.

கேள்வி: அபுதாபியைவிட 2008 பிரேசில்தான் பெரிய முடிவு. ஒத்துக்கொள்கிறீர்களா? — மாஸா ரசிகர், மட்டக்குளி

பதில்: ஒத்துக்கொள்கிறேன், முழு மனதோடு. இதை இரண்டு இதழ்களுக்கு முந்திய அந்தப் பதிலிலேயே எழுதியிருக்கவேண்டும். அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம், பிரேசிலின் இன்டர்லாகோஸில் மாஸா தன் சொந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால் பந்தயத்தை வென்றார். பட்டம் எடுக்க ஹமில்டனுக்கு ஐந்தாவது இடம் வேண்டும், கடைசிக்கு முந்திய சுற்றுகளில் வெட்டல் அவரை முந்தி ஆறாவது ஆக்கிவிட்டார். மாஸாவின் குடும்பத்தார் கராஜில் துள்ளிக் குதிக்கிறார்கள். அதே நேரம், மழைக்கு டயர் மாற்றாமல் உலர்ந்த பாதைக்கான டயரிலேயே நின்ற குளொக், கடைசிச் சுற்றில் வழுக்கி வழுக்கி வருகிறார், கடைசி வளைவுகளில் ஹமில்டன் அவரைத் தாண்டுகிறார். ஹமில்டன் 98, மாஸா 97. குளொக்கையும் சனம் வருடக்கணக்காகத் திட்டியது, அவர் செய்ததெல்லாம் ஈரத்தில் காரைப் பாதையில் வைத்திருந்ததுதான்.

அங்கே யாரும் விதியை வளைக்கவில்லை, வானமும் டயரும் தீர்மானித்தன. அதனால் அது பெரிது. மேடையில் மாஸா நெஞ்சில் கையால் அடித்துக்கொண்டு நின்ற காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கும். மேலே சொன்ன அதே வருடச் சிங்கப்பூர் மோதலைக் காரணம் காட்டி அந்தப் பட்டத்துக்காக அவர் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார் என்றால், ஒரு புள்ளி மனிதனை எத்தனை வருடம் துரத்துகிறது பாருங்கள்.

கேள்வி: தமிழர் யாராவது ஃபோர்முலா 1 ஓட்டியிருக்கிறார்களா? — சிறுவன், கொட்டாஞ்சேனை

பதில்: கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணிக்கு. அமெரிக்கப் பந்தயத்தில் நாலாவது வந்து ஐந்து புள்ளி எடுத்தார். மிஷ்லின் டயர் பாதுகாப்பில்லை என்று மற்ற அணிகள் விலகியதால் அன்று ஓடியது ஆறு கார்தான், ஆனாலும் புள்ளி புள்ளிதான் தம்பி.

கேள்வி: 2025இல் கடைசிப் பந்தயத்தை வென்றவர் வெர்ஸ்டாப்பன், பட்டம் எடுத்தவர் மூன்றாவது வந்த நோரிஸ். வெல்லாமல் பட்டம் எடுப்பது அழகா? — வாசகர், மோதரை

பதில்: அழகுதான். 423க்கு 421, வருடம் முழுக்க 24 பந்தயத்தில் சேர்த்த புள்ளி அது. மூன்றாவது வந்தால் போதும் என்ற நிலையில், பின்னால் வருகிறவர்களைச் சமாளித்து, அவசரப்படாமல் மூன்றாவதாகவே முடிப்பதற்கு எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும் என்று யோசியுங்கள். அதே அபுதாபியின் யாஸ் மரினா பாதை. 2021இல் வழிவிடச் சொன்ன ஐந்து கார்களில் ஒன்றை ஓட்டியவரும் இதே நோரிஸ்தான்.

அந்தப் பந்தயத்தையும் கொட்டாஞ்சேனையில் அதே டீவியில்தான் பார்த்தோம். அக்காவின் மகனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது, பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான். நாங்கள் எல்லாரும் நோரிஸுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் உள்ள கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க, அவன் முடியும்வரை ஹமில்டனின் சிவப்பு ஃபெராரி எங்கே ஓடுகிறது என்று திரையின் ஓரத்துப் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தான்.