ஆயுத பூஜையை விட்டுவிட்டு கேக் வெட்டலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகங்களை லேத்தில் (கடைசல் இயந்திரம்) கடைந்து தரும் பட்டறை நடத்துகிறேன். 45 பேர், பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். அப்பா தொடங்கிய ஆயுத பூஜை இப்போது கடனே என்று நடக்கிறது. டெலிவரி நெருக்கடியில் ஒன்றரை நாள் வீணாகிறது. அதை நிறுத்திவிட்டு மாதம் ஒருநாள் பிறந்தநாள் கேக், விளையாட்டு என்று வைக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். போன வருஷம் பூஜைக்கு முந்தின நாள் மெஷின்களைத் துடைத்தது யார்? ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்றால், கோளாறு அங்கேதான்.

நான் பழகுநராகச் சேர்ந்த பட்டறையில் அன்று மதியத்தோடு ஓட்டம் நிற்கும். மெயினை அணைத்துவிட்டு அவரவர் லேத்தை அவரவரே துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டோடு மேஸ்திரி குனிந்துவிடுவார். கடையும் இரும்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் இடுக்கில் சிக்கிய இரும்புச் சுருளைக் கம்பியால் நெம்பி எடுப்பார். ஒருமுறை என் விரலைப் பிடித்து லேத்தின் அடித்தளமான பெட்டின் மேல் வைத்து, "சக் பக்கம் தேஞ்சு பள்ளமாயிருக்கு, தெரியுதா?" என்றார். நான் கடைந்த ஷாஃப்ட்டின் விட்டம் முனைக்கு முனை ஏன் மாறியது என்று அன்றுதான் புரிந்தது. மறுநாள் அதே லேத்துக்குச் சந்தனம் வைத்தபோது அது என் மெஷின் ஆகியிருந்தது.

அவரவர் கைக்கு வேலை இருந்தால்தான் ஒரு சடங்கு ஆட்களோடு ஒட்டும். கேக் வெட்டும்போது மற்ற 44 பேருக்கும் கைதட்டுவதைத் தவிர வேலை இல்லை. பிறந்தநாள்காரரை ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு அனுப்புங்கள், அதிகம் மகிழ்வார். அந்த ஒன்றரை நாளையும் பராமரிப்புக் கணக்கில் எழுதுங்கள்: ஆயில் மாற்றுவது, லெவல் பார்ப்பது எல்லாம் அதிலேயே முடியட்டும்.

வடக்கத்தி ஆட்களுக்கு இது அந்நியம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் ஊரில் விசுவகர்மா பூஜை உண்டு. ஆலைகளிலும் பட்டறைகளிலும் மெஷினுக்குத்தான் பூஜை. நம் ஆயுத பூஜை நவராத்திரியின் ஒன்பதாம் நாள், வருஷா வருஷம் தேதி மாறும். அவர்களுடையது சூரியக் கணக்கு. செப்டம்பர் 17-ஐ ஒட்டி, நம் புரட்டாசி பிறக்கிற சமயத்தில் வரும். அதையும் உங்கள் பட்டறையில் வைத்து, அன்று அவர்களில் மூத்தவரை முன்னே நிறுத்துங்கள், நம் ஆட்கள் அவர் கையால் பிரசாதம் வாங்கட்டும். இரண்டு வருஷம் இப்படிச் செய்தால், ஆயுத பூஜைக்கு அவர்கள் தாமாகவே வாழைக்கன்று கட்டுவார்கள்.

பூஜையில் நிற்பதை யாருக்கும் கட்டாயமாக்காதீர்கள். வேறு மதத்தவர் துடைப்பார், பொரிகடலையும் வாங்குவார், கும்பிட வேண்டியதில்லை. போனஸ் கவரைப் பூஜைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இந்த வருஷமே விடுங்கள். தகுதியுள்ளவருக்குச் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் சட்டப்படி சேர வேண்டிய பணம். அதை முதலாளியின் கருணைபோல் நீட்டினால் மனசு கசக்கும். பூசணிக்காயை ரோட்டில் உடைத்துவிட்டு அப்படியே போடவும் வேண்டாம், பைக்கில் வருகிறவர் சறுக்கி விழுகிறார்.

முந்தின நாள் நீங்களும் ஒரு மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பழைய லேத் இருந்தால் அதையே. துடைக்கும்போது ஆபரேட்டர்கள் சொல்லும் குறைகளை நோட்டில் குறித்துவைத்து, மறுபடி ஓட்டம் தொடங்குமுன் எதை முதலில் சரிசெய்யலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.