கழுவிய வண்டி விடியற்காலையில் ஏன் மக்கர் செய்கிறது?

கேள்வி (மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்): என்னிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக 100 சி.சி. கார்பரேட்டர் வண்டி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுக் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் அதைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்துவது வழக்கம். அன்றிரவு கடைத்தெருவுக்கு எடுத்தால் நன்றாகவே ஓடுகிறது. மறுநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு மீன் ஏலத்துக்குப் புறப்படும்போது மட்டும் இருபது தடவை உதைத்தாலும் உயிர் வருவதில்லை. ஒன்பது மணி வெயில் பட்டதும் ஒரே உதையில் பிடித்துக்கொள்கிறது. பிளக்கை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது; கார்பரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. கழுவும்போது உள்ளே புகுந்த தண்ணீர்தான் காரணம் என்றால், அன்றிரவே ஏன் தகராறு செய்யவில்லை?

பதில்: கார்பரேட்டரை இனித் தொட வேண்டாம். கோளாறு, பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடியான கேப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதிலும் நீங்கள் ஊற்றிய தண்ணீரைக் காட்டிலும், அது காய்ந்த பின் விட்டுச் சென்ற உப்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

பிளக்கின் முனையில் உள்ள இடைவெளி ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்தான். ஆனால் அழுத்தப்பட்ட காற்றும் பெட்ரோல் ஆவியும் நெருங்கி நிற்கும் அந்த இடைவெளியைப் பொறி தாண்டுவதற்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். அதை 'காயில்' எனப்படும் கம்பிச்சுருள் உண்டாக்கித் தருகிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானும் கேப்பின் ரப்பரும் உலர்ந்திருக்கும்வரை மின்சாரத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவற்றின் மேல் உப்புக் கரைந்த ஈரம் மெல்லிய படலமாகப் படிந்துவிட்டால், கடினமான உள்வழியை விட்டுவிட்டு, அந்தப் படலத்தின் மேலேயே வழுக்கிக்கொண்டு எஞ்சினின் உடம்பில் இறங்கிவிடுகிறது. உள்ளே பெட்ரோலும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது, பொறி மட்டும் இல்லை. புதுப் பிளக் போட்டும் பயனில்லாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பழைய கேப்பைத்தானே அதன் தலையிலும் மாட்டியிருப்பார்கள்.

அன்றிரவு ஓடியதற்கு வருகிறேன். மாலைக் காற்றில் தண்ணீர் காய்ந்துவிட்டது. ஆனால் உங்கள் பகுதியில் பல வீடுகளின் குழாய்க் கிணறு தருவது உப்புத் தண்ணீர். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல் நீரில் உள்ள மக்னீசியம் உப்புக்கு அதில் பாதி ஈரம்கூடத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடுக்களை உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு நசநசவென்று கையில் ஒட்டுகிறதல்லவா, அதேதான் உங்கள் பிளக் கேப்புக்குள்ளும் நடக்கிறது. இரவு ஓட்டிவிட்டு வந்து நிறுத்திய எஞ்சின் மெல்லக் குளிரும்போது கேப்புக்குள் இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலுள்ள ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. விடியலுக்குச் சற்று முன்புதான் காற்றின் ஈரம் உச்சத்தில் இருக்கும். நீங்கள் ஏலத்துக்குக் கிளம்புவதும் அப்போதுதான். ஒன்பது மணி வெயிலில் படலம் காய்ந்ததும் வண்டி ஒன்றும் அறியாததுபோல் நிற்கிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே கோளாறு தென்படாததில் வியப்பில்லை.

இதை உறுதி செய்துகொள்ள ஒரு செலவில்லாத சோதனை உண்டு. விடியற்காலை இருட்டில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, ஒருவர் உதைக்க, மற்றொருவர் பிளக் கேப்பைக் கையால் தொடாமல் கூர்ந்து பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் பாம்பனில், மீன் பெட்டி கட்டி ஓட்டும் ஒருவருடைய வண்டியை இப்படிப் பார்த்தேன். ஒவ்வொரு உதைக்கும் கேப்பின் ரப்பர் விளிம்பிலிருந்து எஞ்சினின் தகடு வரை நீல நிறத்தில் நூல் போன்ற ஒரு கோடு நெளிந்து மறைந்தது; 'டிக்' என்ற மெல்லிய ஓசையும் கேட்டது. பகல் வெளிச்சத்தில் பத்து முறை பார்த்தும் அவருடைய மெக்கானிக் கண்ணில் படாத கோடு அது.

கோடு தெரிந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேப்பைப் பிடித்து, இலேசாகத் திருகியபடி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கேப்பின் உள்ளே வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருந்தால், அரை டம்ளர் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பல வண்டிகளில் கேப் ஒயரோடு மரையில் இணைந்திருக்கும். அதைத் திருகிக் கழற்றி, ஒயரின் முனையில் செம்பு பச்சை பூத்திருந்தால் அரை சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு மறுபடி இறுக்கலாம். ரப்பரில் வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் புதுக் கேப் வாங்கிவிடுங்கள். பிளக்கின் பீங்கானில் பென்சிலால் கீறியது போன்ற கருப்புக் கோடு தென்பட்டால், மின்சாரம் நடந்து நடந்து உண்டாக்கிய கரிப்பாதை அது; துடைத்தால் போகாது, பிளக்கையும் மாற்ற வேண்டும். மாட்டுவதற்கு முன் ரப்பர் விளிம்பின் உட்புறம் சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். சக்கரத்துக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

இன்னொன்று: பிளக் அமர்ந்திருக்கும் பள்ளத்தில் தண்ணீர் வடிவதற்குச் சில எஞ்சின்களில் சிறு துளை ஒன்று விட்டிருப்பார்கள். நம் கடற்கரை மணல் அதை அடைத்துவிடும். பழைய சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்திவிட்டால் போதும்.

இருபது தடவை உதைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். பொறியில்லாமல் உதைக்க உதைக்கப் பெட்ரோல் உள்ளே சேர்ந்து பிளக்கை நனைத்துவிடும். அப்போது ஒன்றுக்கு இரண்டு கோளாறாகிவிடும். சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் குழாயையும் சோக்கையும் அணைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்தபடி ஐந்தாறு முறை உதைத்து, பிறகு முயலுங்கள்.

கேள்வி (கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி): வாட்டர் சர்வீஸ் செய்து வந்த மறுநாளிலிருந்து என் மகனுடைய பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) மோட்டார் சைக்கிளில் செல்ஃப் ஸ்டார்ட் மோட்டார் சுற்றவே இல்லை. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் இருப்பது ஒன்று. செல்ஃப் சுற்றாமலே இருப்பது வேறொன்று. உங்களுடையது இரண்டாம் வகை. ஆகவே பிளக்கைச் சந்தேகிப்பதற்கு முன் சுவிட்சுகளைத்தான் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் விற்பனையாகும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார்பரேட்டர் கிடையாது. பல வண்டிகளில் சைடு ஸ்டாண்டை எடுக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாதபடி ஒரு சுவிட்ச் பொருத்தியிருக்கிறார்கள். தரைக்கு மிக அருகில், சேறும் தண்ணீரும் நேராகத் தெறிக்கும் இடத்தில் அது இருக்கிறது. ஸ்டாண்டை எடுத்த பிறகும் மீட்டரில் அதன் விளக்கு அணையவில்லை என்றால் கோளாறு அங்கேதான். அடுத்து கிளட்ச் பிடிக்கடியில் உள்ள சின்ன சுவிட்ச், பிறகு எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான். சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி 'விர்' என்று பெட்ரோல் பம்பின் ஓசை கேட்டால், வயரிங் முழுவதும் கெட்டுவிட்டது என்ற பேச்சை நம்பத் தேவையில்லை. பேட்டரியின் முனைகளை அடுத்ததாகப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள இணைப்புகளைப் பேட்டரி ஒயரை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதி உலர்த்தச் சொல்லுங்கள்.

அழுத்தத் தண்ணீரை வண்டியின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பீய்ச்சுவதுதான் வாட்டர் சர்வீஸில் நடக்கும் பெரும் தவறு. சாவித் துவாரம், கைப்பிடி சுவிட்சுகள், சீட்டின் அடிப்பக்கம், ஏர் ஃபில்டரின் வாய், சைலன்சரின் வாய் ஆகியவற்றில் அடிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கூடவே நின்று பார்ப்பது நல்லது. முடிவில் பளபளப்புக்காக டீசல் கலந்து அடிக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. இரண்டு நாளில் மணலெல்லாம் அதில் ஒட்டிக்கொள்கிறது, ரப்பரும் நைந்து போகிறது.

கேள்வி (இராமேசுவரத்திலிருந்து ஒரு வாசகர்): தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை வாரம் மூன்று நாள் வண்டியில் போய் வருகிறேன். கழுவினால் ஸ்டார்ட்டிங் தகராறு, கழுவாவிட்டால் துரு. எதைச் செய்வது?

பதில்: கழுவத்தான் வேண்டும். இருபுறமும் கடல் இருக்கும் அந்தச் சாலையில், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அலைத்துளி காற்றிலேயே மிதந்து வந்து வண்டியில் படியும். அதை ஒரு வாரம் விட்டுவைப்பது கழுவுவதைவிடப் பெரிய கேடு. ஆனால் குழாய் வைத்துப் பீய்ச்ச வேண்டியதில்லை. ஒரு குடம் நல்ல தண்ணீர் போதும். வீட்டில் நல்ல தண்ணீர் குடக்கணக்கில்தான் கிடைக்கும் என்றால், முதல் அலசலை உப்புத் தண்ணீரில் முடித்துவிட்டுக் கடைசி அலசலுக்கு மட்டும் அந்தக் குடத்தை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகே தொடங்குங்கள். பிளக் கேப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பஞ்சை நனைத்துத் துடையுங்கள். முடிந்ததும் பையை மறக்காமல் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு நிறுத்துங்கள். மாலையைவிடக் காலையில் கழுவுவதே உங்கள் ஊருக்குப் பொருத்தம்.