மிஞ்சிப்போன ஆப்பிள்ல ப்ரெட் சுடலாமுங்களா? அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, எங்கூட்டு புண்ணியார்ச்சனைக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லி வெச்சாப்ல தட்டுல ஆப்பிளாவே கொண்டாந்துட்டாங்க. ஃப்ரிட்ஜ் பூரா ஆப்பிள், தோல் சுருங்க ஆரம்பிச்சிருச்சு, பசங்க திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குறாங்க. ஆப்பிள் ப்ரெட் சுடுன்னு நாத்தனார் சொல்றாங்க. எங்கூட்ல ஓவன் இருக்குது, எப்படிங்க்கா பண்றது?
– கோபி வாசகி

பதில்: தாராளமா சுடலாம் அம்மிணி, ஈஸ்ட்டு போட்டு மாவு பொங்கற வரைக்கும் காத்திருக்கற வேலையெல்லாம் இதுல இல்ல. முதல்ல ஆப்பிளை ரகம் பிரிங்க. நறுக்குன்னு கடிக்கறாப்ல இருக்கறத சாப்புட வெச்சுக்குங்க, தோல் சுருங்குனது, கடிச்சா மாவு மாவா இருக்கறது எல்லாம் ப்ரெட்டுக்கு. பூஞ்சை புடிச்சதை மட்டும் அந்த எடத்தை செதுக்கிட்டு மீதிய போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, அதுல பட்டுலின்னு ஒரு நஞ்சு உருவாகும், அடுப்புச் சூட்டுலயும் அது முழுசா போகாது. முழுசா தூக்கி வீசிருங்க.

அளவு சொல்றேன், ஒரு ப்ரெட்டுக்கு. மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன், பட்டைத்தூள் 1 டீஸ்பூன், உப்பு ரெண்டு சிட்டிகை, இதெல்லாம் ஒட்டுக்கா சலிச்சு வெச்சுக்குங்க. இன்னொரு பாத்திரத்துல முட்டை 2, சக்கரை 150 கிராம், எண்ணெய் 100 மில்லி, தயிர் கால் கப் போட்டு நல்லா அடிச்சு, அதுல மாவைக் கொட்டி கரண்டியில பொரட்டி விடுங்க, வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாம போனதும் கையை எடுத்துருங்க. சப்பாத்தி மாவாட்ட போட்டு அடிச்சா மைதாவுல இழுவை வந்து ப்ரெட்டு ரப்பரா போயிரும். தோலும் கொட்டையும் நீக்கி பொடியா நறுக்குன ஆப்பிள் 250 கிராம், அதாவது நடுத்தர சைஸ்ல ரெண்டு, கடைசியா சேருங்க. நறுக்குனது கறுத்துப்போச்சேன்னு கவலைப்படாதீங்க, காத்து பட்டு நடக்கறது அது, பட்டைத்தூள் போட்ட ப்ரெட்டுல யாருக்கும் தெரியாது. கலவைய ப்ரெட் டின்னுல ஊத்தி, 180 டிகிரியில முன்னாடியே சூடு பண்ணின ஓவன்ல 50லருந்து 60 நிமிசம்.

எண்ணெய்க்கு வாசமில்லாத சூரியகாந்தி போதும், செக்குக் கடலெண்ணெய் ஊத்துனா ப்ரெட்டு பூரா கடலைவாசம்தான் அடிக்கும். தேங்கா எண்ணெய் வாசம் புடிக்கும்னா அதுவும் ஆகும்.

அப்பறம் இன்னொன்னு, ஃப்ரிட்ஜ்ல ஆப்பிளையும் கீரையையும் ஒரே பெட்டியில போடாதீங்க. ஆப்பிள்லருந்து எத்திலீன் வாயு வரும், கீரை சீக்கரம் மஞ்சளாயிரும்.

கேள்வி: மேல நல்லா செவந்து வருதுங்க, அறுத்தா நடுவுல களியாட்ட இருக்குது, நடு அமுங்கியும் போயிருது. ஆப்பிளை துருவித்தான் போடறேன்.
– திருப்பூர் வாசகி

பதில்: துருவறதுலதான் பாதி வினை. ஆப்பிள்ல நூத்துக்கு 85 பங்கு தண்ணி, துருவுனா அம்புட்டும் வெளிய வந்து மாவைத் தண்ணியாக்கிரும். துருவித்தான் போடுவேன்னா ஒரு துணியில போட்டு இறுக்கிப் புழிஞ்சிட்டு போடுங்க, இல்லைன்னா நறுக்கிப் போடுங்க. இருக்கற ஆப்பிளெல்லாம் தீரட்டும்னு ஒரே ப்ரெட்டுல நாலஞ்சு ஆப்பிளை திணிக்கறதும் வேண்டாம். அப்பறம் நடு அமுங்கறதுக்கு ஆப்ப சோடா கூடிப்போறதும் ஒரு காரணம், பாதி வேக்காட்டுல கதவைத் தொறந்து தொறந்து பாக்கறது இன்னொன்னு. முக்கா மணி நேரம் ஆகற வரைக்கும் தொறக்காதீங்க. மேல மட்டும் சீக்கரம் செவந்துச்சுன்னா அப்ப அலுமினிய ஃபாயில் ஒண்ணு மேல மூடி விட்டு, நடுவுல குச்சி குத்திப் பாத்து ஈரமாவு ஒட்டாம வந்தாத்தான் வெளிய எடுக்கணும். ஆப்பிள் துண்டுல குத்திட்டு ஈரம்னு ஏமாந்துராதீங்க, வேற எடத்துலயும் குத்திப் பாருங்க. சூட்டோட அறுத்தாலும் களியாட்டத்தான் தெரியும், ஒரு மணி நேரமாச்சும் ஆறட்டும்.

கேள்வி: ஓவன் இல்லீங்க, புரட்டாசி மாசம் வேற, முட்டையும் ஆகாது. குக்கர்ல வருமுங்களா?
– தாராபுரம் வாசகி

பதில்: வருமுங்க. குக்கர்ல தண்ணி ஊத்தாதீங்க, கேஸ்கெட்டு, வெயிட்டு ரெண்டையும் கழட்டிருங்க, இது கட்டாயம். அடியில கல்லுப்பு பரப்பி ஸ்டேண்டு வெச்சு மூடி பத்து நிமிசம் காய விட்டு, அப்பறம் டின்னை உள்ள வெச்சு சின்னத் தீயில ஒரு மணி நேரம் போல. டின்னு குக்கர் ஓரத்துல படக்கூடாது. முட்டைக்கு பதிலா இன்னொரு அரை கப் கெட்டித் தயிர் சேருங்க, புளிச்ச தயிருன்னா இன்னும் தோது, அந்தப் புளிப்புலதான் சோடா வேலை செய்யும். மேல் பக்கம் ஓவன்ல வர்றாப்ல செவக்காது, அதை எதிர்பாக்காதீங்க.

கேள்வி: மைதாவும் வெள்ளைச் சக்கரையும் வேண்டாம்னு ஊட்டுக்காரரு சொல்றாரு.
– பெருந்துறை வாசகி

பதில்: சக்கரைக்கு பக்கத்துலயே கவுந்தப்பாடி இருக்குது, பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கருந்துதான் நாட்டுச்சக்கரை போகுது, ஆப்பிளுக்கும் பட்டைக்கும் அது நெம்ப பொருத்தம். கட்டிய உடைச்சு சலிச்சுப் போடுங்க, நெறம் கறுப்பா வரும். கோதுமை மாவு முழுசாப் போட்டா கனமா உக்காந்துக்கும், மொதல் தடவை பாதிக்குப் பாதி போட்டுப் பாருங்க, தயிர் ஒரு ரெண்டு ஸ்பூன் கூட இழுக்கும். ஒடம்புக்கு நல்லதுன்னு முழு ப்ரெட்டையும் அவரே சாப்புட்டா நான் பொறுப்பில்லைங்க, நாட்டுச்சக்கரையும் சக்கரைதான்.

கேள்வி: எத்தனை நாள் தாங்கும்?
– காங்கயம் வாசகி

பதில்: நம்மூரு வெயிலுக்கு வெளிய ரெண்டு நாள், ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு நாள். உங்கூருல தேங்கா எண்ணெய்தான ஊத்துவீங்க, அது 24 டிகிரிக்கு கீழ ஒறைஞ்சிரும், ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்தா ப்ரெட்டு கல்லாட்டத் தெரியும். தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் வாட்டுனா எளகிரும். இன்னும் ஆப்பிள் மிஞ்சுச்சுன்னா கொஞ்சமா தண்ணி தெளிச்சு வேக வெச்சு மசிச்சு ஃப்ரீசர்ல போட்டுருங்க, அடுத்த தடவை எண்ணெய்ல பாதிக்கு பதிலா அந்த விழுதையே ஊத்திக்கலாம்.