“யெஸ்” என்று சொல்லிவிட்டேன், ஈ.ஐ. போய்விட்டதா?

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“உணவு பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடம் பகல் வேலை செய்தேன். காலை 7 மணி முதல் பிற்பகல் 3.30 வரை. மணித்தியாலத்துக்கு 18.50 டொலர். ஆகஸ்ட் தொடக்கத்தில் புதிதாக வந்த மேற்பார்வையாளர், இனிமேல் இரவு 11 மணி ஷிப்ட் என்று சொல்லிவிட்டார். மகளுக்கு ஏழு வயது. கணவர் இரவில் ட்றக் ஓட்டுகிறார். வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை. முடியாது என்று மூன்று தரம் சொன்னேன். ‘இரவு வராவிட்டால் இங்கே உனக்கு வேலை இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். ஆகஸ்ட் 16 வெள்ளிக்கிழமை ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வேலை இழந்தவர்களுக்கான அரசாங்கக் காப்புறுதிப் பணமான ஈ.ஐ.க்கு விண்ணப்பித்தேன். அதைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, நீங்களாகத்தான் வேலையை விட்டீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதற்றத்தில் ‘யெஸ்’ என்றேன். செப்டம்பர் 10ஆம் திகதியிட்ட கடிதம் வந்திருக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் நானாக வேலையை விட்டதால் பணம் இல்லையாம். மேன்முறையீடு என்று போனால் அலைச்சல்தான் மிச்சம், அரசாங்கத்தின் கண்ணில் படாமல் இருப்பது நல்லது என்கிறார்கள் சொந்தக்காரர். நான் என்ன செய்ய?”

அன்புச் சகோதரி,

முதலில் நாட்காட்டியை எடுங்கள். அந்த முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். கடிதம் பிந்தித்தான் கைக்கு வந்தது என்று வாதிட இடமிருக்கிறது. அந்த வாதத்தை நம்பி இருக்காதீர்கள். கடிதத்திலுள்ள திகதியிலிருந்தே எண்ணுங்கள்: 2024 ஒக்ரோபர் 10, வியாழக்கிழமை. இதை எழுதும்போது செப்டம்பர் முடியப்போகிறது, ஆகவே உங்களுக்கு இரண்டு கிழமைக்குக் குறைவாகவே இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. முன்பு முடிவெடுத்த அதிகாரி அல்லாமல் வேறொருவர் பார்ப்பார். உங்களுக்கு இதுவரை ஒரு சதமும் தரப்படவில்லை என்பதால், கேட்பதனால் நீங்கள் இழக்கப்போவது எதுவும் இல்லை. சட்டம் தந்த உரிமையைக் கேட்டவர் மீது அரசாங்கம் கண் வைக்கும் என்ற பயம் நம் ஊரிலிருந்து நாம் சுமந்து வந்தது. அந்தப் பயத்தால் 30 நாளையும் கழியவிட்டுவிட்டுப் பிறகு என் மேசைக்கு முன்னால் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

இரண்டாவது, ஈ.ஐ.க்காகச் சேர்விஸ் கனடாவுக்கு இரண்டு கிழமைக்கு ஒரு முறை கொடுக்கும் அறிக்கையை நிறுத்தாதீர்கள். பணம்தான் இல்லையே, இது எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு மேன்முறையீட்டில் வென்றாலும், அறிக்கை கொடுக்காத கிழமைகளுக்குப் பணம் எடுப்பது பெரும்பாடு. உங்கள் சம்பளக் கணக்கில் கிழமைக்கு 740 டொலர் வருகிறது. அதில் 55 வீதம் என்றால் 407 டொலர். 2024ஆம் ஆண்டின் உச்ச வரம்பான 668 டொலருக்குள் அது அடங்கும். ஒவ்வொரு அறிக்கைக்கும் பின்னால் இரண்டு கிழமைப் பணம் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்றை அந்தக் கடிதம் வெளிப்படையாகச் சொல்லியிருக்காது. தானாக வேலையை விட்டார் என்ற முடிவு நிலைத்தால், அந்த வேலையிலும் அதற்கு முன்பும் நீங்கள் சேர்த்த மணித்தியாலங்கள் அடுத்த ஈ.ஐ. விண்ணப்பத்துக்கும் பயன்படாது. நாளை வேறொரு வேலை கிடைத்து, மூன்று மாதத்தில் ஆட்குறைப்பு வந்தால், பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். வசிக்கும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலங்கள் வரை தேவைப்படும் இடத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

சட்டம் இங்கே இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. நீங்களாக விட்டீர்களா என்பது முதலாவது. அதை நிரூபிக்கும் பொறுப்பு, சேர்விஸ் கனடா யார் சார்பில் முடிவெடுக்கிறதோ அந்த வேலைக் காப்புறுதி ஆணைக்குழுவுடையது. இருப்பதா போவதா என்று தெரிவு செய்யும் நிலை உங்களுக்கு இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ‘இரவு வராவிட்டால் இங்கே உனக்கு வேலை இல்லை’ என்று எழுத்தில் சொன்ன பிறகு, உங்கள் பகல் வேலை அங்கே இருந்ததா? இருக்கவில்லை என்பதுதான் உங்கள் வாதம். ஆனால் இரவு வேலை இருந்தது, அதை நீங்கள் ஏற்கவில்லை என்று மறுபக்கம் சொல்லும். நேர்மையாகச் சொன்னால் இந்த முதல் கேள்வியில் உங்கள் வெற்றி நிச்சயம் இல்லை. ஆகவே முழுப் பாரத்தையும் இதன்மேல் போட வேண்டாம்.

உங்கள் வழக்கின் உயிர் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. நீங்கள் விட்டதாகவே வைத்துக்கொள்வோம், அதற்கு நியாயமான காரணம் இருந்ததா? இதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வேலைக் காப்புறுதிச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்வது இது: எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, விடுவதைத் தவிர வேறு நியாயமான வழி இல்லாத நிலை. ‘நல்ல காரணம்’ வேறு, இது வேறு. குழந்தைக்காக விட்டேன் என்றால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள், ஆனாலும் தோற்கலாம். வேறு வழி தேடினீர்களா என்ற இடத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் விழுகின்றன.

அந்தப் பிரிவிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. பிள்ளையைப் பராமரிக்கும் கடமை அதில் உண்டு. வேலையை விடும்படி முதலாளி தகாத அழுத்தம் கொடுப்பதும் உண்டு. உங்கள் மேல் பெரும்பிழை இல்லாதபோது மேற்பார்வையாளருடன் ஏற்படும் பகையும் உண்டு. ஷிப்ட் மாற்றம் என்று தனியாக ஒரு வரி இல்லை. அதனால் மனம் தளர வேண்டாம், அந்தப் பட்டியலோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பல காரணங்களைச் சேர்த்து நிறுக்கத்தான் சட்டம் சொல்கிறது. இரு பக்கச் சாட்சியமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலனை உரிமைகோருபவருக்கே கொடுக்க வேண்டும் என்றும் 49ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது.

இனி அந்த ‘யெஸ்’. தொலைபேசியில் நீங்கள் பேசியதை அதிகாரி குறிப்பாக எழுதி வைத்திருப்பார். நீங்கள் பத்து நிமிடம் பேசியிருப்பீர்கள், குறிப்பில் நான்கு வரி இருக்கும். ‘உரிமைகோருபவர் தானாக விட்டதை உறுதிசெய்தார்’ என்பது அதில் ஒரு வரியாக இருக்கும். அதற்காக அது கல்லில் வெட்டிய எழுத்து ஆகிவிடாது. என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன விளங்கிக்கொண்டீர்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உண்மையும் இல்லை, ஒரு முறை உங்கள் சொல்லில் நம்பிக்கை போனால் திரும்ப வராது. ‘கையெழுத்து வைத்துவிட்டு வந்ததைக் கேட்கிறார் என்று நினைத்து ஆம் என்றேன். இரவு வேலைக்கு மாற்றியதையும் வாட்ஸ்அப் செய்தியையும் பற்றி என்னிடம் கேட்கப்படவில்லை’ என்பது உங்கள் உண்மை என்றால், அதை அப்படியே சொல்லுங்கள்.

மறுபரிசீலனையின்போதும் பெரும்பாலும் ஒரு அழைப்பு வரும். அழைப்பு வந்ததும் பேச்சைத் தொடங்காமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். உடனே கிடைக்காவிட்டால் வேறு நேரம் கேளுங்கள். கடையில் பொருள் வாங்கவும் பிள்ளையின் ஆசிரியரோடு பேசவும் போதுமான ஆங்கிலம், சட்டத்தின் ஒரு சொல்லில் பணம் தங்கியிருக்கும் பேச்சுக்குப் போதாமல் போகலாம். அதைச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாட்சியம் உங்கள் கைத்தொலைபேசியில்தான் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் உரையாடலை முதல் செய்தியிலிருந்து கடைசிவரை, திகதியும் நேரமும் அனுப்பியவர் எண்ணும் தெரியும்படி படமெடுத்து அச்சிடுங்கள். உங்களுக்குச் சாதகமான ஒரு செய்தியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம். ஆறு வருடம் பகலில் வேலை செய்ததைக் காட்டும் பழைய வேலை அட்டவணைகள், சம்பளச் சீட்டுகள், கணவரின் இரவு வேலையை உறுதிப்படுத்தும் அவருடைய நிறுவனக் கடிதம், மகளின் பாடசாலை நேரம், இவற்றையும் சேருங்கள். கையெழுத்து வைத்த தாளின் பிரதி உங்களிடம் இல்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் கேட்ட மின்னஞ்சலே ஒரு சாட்சியம். வேலை முடிந்ததும் முதலாளி கொடுக்கும் ஆர்.ஓ.ஈ. என்ற பத்திரத்தில் காரணம் என்ற இடத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்றும் பாருங்கள். ஆங்கில ‘ஈ’ (E) என்றால் தானாக விட்டார் என்று முதலாளி எழுதியிருக்கிறார். அது முதலாளியின் கூற்று மட்டுமே. தீர்ப்பு அல்ல.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத கேள்விகள். மேற்பார்வையாளருக்கு மேலே உள்ள முகாமையாளரிடமோ மனிதவளப் பிரிவிடமோ போனீர்களா? பிள்ளைக்கு ஆள் தேடும்வரை இரண்டு கிழமை அவகாசம் கேட்டீர்களா? இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தேடிப் பார்த்தீர்களா? விடுவதற்கு முன் வேறு வேலை தேடினீர்களா? உங்கள் கடிதத்தில் இவற்றுக்குப் பதில் இல்லை. மூன்று தரம் முடியாது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று தரமும் யாரிடம், எந்த நாளில், என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார்? இன்றிரவே உட்கார்ந்து தமிழில் எழுதுங்கள், பிறகு மொழிபெயர்க்கலாம். செய்யாததைச் செய்ததாக எழுத வேண்டாம். செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் இருந்தால் அதை எழுதுங்கள். இவ்வளவு குறுகிய அவகாசத்தில் இரவு 11 மணி முதல் காலைவரை பிள்ளை பார்க்க ஆள் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது, நீங்கள் விசாரித்த இடங்களையும் அவர்கள் கேட்ட தொகையையும் எழுதினால் அதிகாரிக்குப் புரியும்.

ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை காரணமாக வேலை செய்ய முடியவில்லை என்று பொதுவாகச் சொன்னால், அப்படியானால் நீங்கள் வேலைக்குத் தயாராக இல்லை என்று வேறு பிரிவின் கீழ் மறுக்கலாம். ஈ.ஐ. பெறுபவர் வேலை செய்யக்கூடியவராகவும் தயாராகவும் இருக்க வேண்டும் என்பது 18ஆம் பிரிவு. ஆகவே உங்கள் வாக்கியம் தெளிவாக இருக்கட்டும்: ‘ஆறு வருடம் செய்த பகல் வேலைக்கு நான் இன்றும் தயார். இரவு வேலை மட்டும் என் குடும்பப் பொறுப்போடு பொருந்தாது.’ வேலை நேரம் குடும்பக் கடமையோடு முரண்படாதிருப்பது ‘பொருத்தமான வேலை’யின் அடையாளங்களில் ஒன்று என்று ஒழுங்குவிதிகளே சொல்கின்றன. ஒரு கொப்பியில் நீங்கள் தேடும் வேலைகளைத் திகதியோடு எழுதி வாருங்கள். நிறுவனம், எப்படி விண்ணப்பித்தீர்கள், என்ன பதில் வந்தது. இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மறுபரிசீலனையிலும் இல்லை என்றால், அந்த முடிவிலிருந்து இன்னொரு 30 நாள். இம்முறை சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தின் பொதுப் பிரிவுக்கு. இங்கும் கட்டணம் இல்லை. தொலைபேசி, காணொளி, நேரில், எழுத்தில் என்று எந்த முறையில் விசாரணை நடக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயம் தன் செலவில் ஏற்பாடு செய்யும், விண்ணப்பத்தில் தமிழ் என்று எழுதினால் போதும். அந்தக் கட்டத்தில் ஆணைக்குழுவின் முழுக் கோப்பும் உங்களுக்கு வரும். அதற்கு ஜீ.டி. 3 என்று இலக்கமிட்டிருப்பார்கள். பக்கம் பக்கமாகப் படியுங்கள். தொலைபேசிக் குறிப்புகளும் முதலாளி சொன்னதும் அதற்குள் இருக்கும். முதலாளி சொன்னதற்கும் மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் செய்திக்கும் இடையில் முரண்பாடு இருந்தால், அதை எந்தப் பக்கம் என்று குறித்து விசாரணையில் சொல்லுங்கள். பொதுப் பிரிவில் புதிய சாட்சியம் கொடுக்கலாம். அதற்கு மேலுள்ள மேன்முறையீட்டுப் பிரிவில் அனுமதி பெற்றே போக முடியும், சட்டத் தவறு, நியாயமற்ற நடைமுறை போன்ற குறுகிய காரணங்களைத்தான் பார்ப்பார்கள். ஆகவே உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் பொதுப் பிரிவிலேயே வைத்துவிட வேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று நினைக்காதீர்கள். ஒன்ராறியோவில் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காகச் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன. ஈ.ஐ. மேன்முறையீட்டில் இலவசமாக உதவும் நிலையங்கள் அவற்றில் உண்டு. உங்கள் வீட்டு முகவரிக்கு உரிய நிலையம் எது என்று ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பிடம் கேட்டால் சொல்வார்கள். திங்கட்கிழமை காலையே அழையுங்கள்.

இன்னொன்று, ஈ.ஐ.யோடு கலக்க வேண்டாம், ஆனால் மறக்கவும் வேண்டாம். ஒருவரின் வேலை நிபந்தனையை அடிப்படையிலேயே மாற்றி அவரை வெளியேற வைப்பதை, ஒன்ராறியோவின் வேலைத் தரங்கள் சட்டம் வேலைநீக்கமாகவே கருத இடம் வைத்திருக்கிறது. அப்படி நிரூபித்தால் ஆறு வருட சேவைக்கு ஆறு கிழமைச் சம்பளம் உங்களுக்கு வர வேண்டும். தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்ய இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை, பழைய வேலையிடத்திலிருந்து வேறு எந்தத் தாள் வந்தாலும் யாரிடமாவது காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

மறுபரிசீலனை விண்ணப்பத்தை எல்லா ஆவணமும் சேரும்வரை வைத்திருக்க வேண்டாம். படிவத்தை இந்தக் கிழமையே நிரப்பி, ‘மேலதிக ஆவணங்கள் பின்னர் அனுப்பப்படும்’ என்று எழுதி, அருகிலுள்ள சேர்விஸ் கனடா அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிரதியை மகளின் பிறப்புச் சான்றிதழோடு வைப்பதுபோல் பத்திரமாக வையுங்கள்.