மாசி மாதத்தின் இருண்ட பிற்பகல்கள்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு வயது 53. வேலூரில் பாலாற்றின் வடகரையில் உள்ள விருதம்பட்டில் வசிக்கிறேன். கணவர் லாங்கு பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். காலையில் கடை திறக்கப் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவார். மதியச் சாப்பாட்டைக் கடைப் பையன் வந்து வாங்கிப் போவான். மகளை ஓசூரில் கொடுத்திருக்கிறோம். மகன் அயர்லாந்தின் டப்ளின் நகரில் வேலை பார்க்கிறான்.

வெயிலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, வெயில் இல்லாத நாளைப் பற்றி எழுதுவது உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் என் துன்பம் அதுதான். சிவராத்திரி முடிந்து, மயானக் கொள்ளைக்குச் சனம் பாலாற்றில் கூடும் நாள் தொடங்கிப் பங்குனி பாதி வரைக்கும், சுள்ளென்று காய வேண்டிய பிற்பகலில் சில நாள் வானம் மப்பும் மந்தாரமுமாக மூடிக்கொள்கிறது. இரண்டு மணிக்கே கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. மழையும் பெய்வதில்லை, காற்றும் அசைவதில்லை. அந்த நேரத்தில் நெஞ்சில் பாரம் ஏறுகிறது, காரணம் இல்லாமல் அழுகை வருகிறது. ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். மகள் அழைத்தாலும் கைபேசியை எடுப்பதில்லை. மறுநாள் வெயில் வந்துவிட்டால் புளியையும் மிளகாயையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் அவரவர் மாடிக்கு வருவார்கள். மாலை வரை எனக்கு ஒரு குறையும் தெரியாது.

சென்ற ஆண்டும் இந்த ஆண்டும்தான் இப்படி இருக்கிறது. முன்பெல்லாம் மப்பான நாள் வந்தால், காயப் போட முடியாத புளியைக் கூடத்தில் கொட்டி, நானும் என் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து கொட்டை எடுப்போம். அவர் சென்ற ஆண்டுக்கு முந்தின ஆண்டு ஆடியில் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் வேலையும் குறைந்துவிட்டது.

ஊரே வெயில் தணிந்ததென்று மகிழும்போது உனக்கு மட்டும் என்ன என்று கணவர் கேட்கிறார். மகனோ, இது பருவகால மனச்சோர்வு என்னும் நோய், தன்னோடு வேலை செய்பவர்களுக்கும் இருக்கிறது, அதற்கென்று ஒரு விளக்கு உண்டு, வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். இப்போதெல்லாம் முந்தின இரவே கைபேசியில் மறுநாள் வானிலையைப் பார்த்துவிட்டு, மேகப் படம் தெரிந்தால் தூங்காமல் கிடக்கிறேன். எனக்கு வந்திருப்பது நோயா? அந்த விளக்கை வாங்கச் சொல்லலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
விருதம்பட்டு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்லும் நோய் உண்மையானதுதான். 1984-இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசந்தாலும் அவருடைய குழுவினரும் அதை விரிவாக விவரித்தார்கள். இன்று மருத்துவம் அதை மனச்சோர்வின் ஒரு வகையாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் வேறு வானத்தின் கீழ் வரும் நோய். டப்ளினில் டிசம்பர் மாதத்துப் பகல் ஏழரை மணி நேரம்தான். ஜூனிலோ பதினேழு மணி நேரம். வேலூரில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே சுமார் ஒன்றரை மணி நேர வேறுபாடுதான் உண்டு. அதிலும் நீங்கள் குறிப்பிடும் மாசி, பங்குனியில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகிப் பகல் வளர்ந்துகொண்டிருக்கும். மேலும், அந்த நோய் ஒரு நாள் மேகத்தோடு வந்து மறுநாள் வெயிலோடு போய்விடாது. குளிர்காலம் முழுவதும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும்; அதிகத் தூக்கமும் அதிகப் பசியும் சேர்ந்தே வரும். உங்கள் துன்பத்தின் போக்கு அப்படி இல்லை.

ஆகவே விளக்கு வேண்டாம் என்பது என் கருத்து. பத்தாயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் அந்த விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது, வீட்டுக்கு வெளியே வெளிச்சமே கிடைக்காத நாடுகளுக்குப் பொருந்தும். நம் ஊரின் நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். கனத்த மேக மூட்டத்திலும் திறந்த வெளியில் பெரும்பாலும் சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். ஜன்னலைச் சாத்திய கூடத்தில், குழல் விளக்கு எரிந்தாலும், சில நூறைத் தாண்டுவது அரிது. இருண்ட பிற்பகலை நீங்கள் படுக்கையறையில் இன்னும் இருட்டாக்கிக்கொள்கிறீர்கள். வெளிச்சத்தைப் பொறுத்தவரை நான் உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: மப்பான நாளில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், உள்ளே படுக்காமல் வாசலிலோ மாடியிலோ இருங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடத்துக்கு வருகிறேன். மேகத்தைப் பற்றி அத்தனை விளக்கமாக எழுதிய நீங்கள், மாமியாரின் மறைவை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டு, அடுத்த வாக்கியத்தில் வேலை குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மாசியில் வானம் மூடுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பதில்லை என்றாலும் புதிதும் அல்ல. 2022 மார்ச் முதல் வாரத்தில் வங்கக் கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகித் தமிழகக் கரையை நெருங்கி வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அப்போதெல்லாம் நீங்கள் அழுததாக எழுதவில்லை. எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் கையில் வேலை இருந்தது, வாயில் பேச்சு இருந்தது. மப்பான பிற்பகல் என்பது அந்த வீட்டில் உங்கள் இருவருக்கே உரிய நேரமாக இருந்திருக்கிறது.

வெயில் நாளில் மாடியும் அண்டை வீட்டாரும் உங்களை ஏந்திக்கொள்கிறார்கள். மேகம் வந்ததும் மாடி காலியாகிவிடுகிறது, கணவர் இரவுதான் வருவார், உங்களிடம் மிஞ்சுவது மாமியார் இல்லாத அந்தக் கூடம் மட்டுமே. அங்கே வரும் அழுகையைக் காரணம் இல்லாத அழுகை என்று நான் நினைக்கவில்லை. மாமியார் இறந்ததற்கு இரண்டு ஆண்டு கழித்தும் மருமகள் அழலாமா என்ற கேள்வி உங்களுக்கோ சுற்றத்தாருக்கோ எழலாம். தாய்க்காகவும் கணவருக்காகவும் அழ நம் வீடுகள் இடம் தருகின்றன; கருமாதி முடிந்ததும் மாமியாரைப் பற்றி மருமகளிடம் யாரும் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. பல ஆண்டுகள் ஒரே அடுப்படியில் நின்ற இரண்டு பெண்களுக்கு நடுவே இருந்த உறவு, உரசல்கள் இருந்திருந்தால் அவற்றையும் சேர்த்தே, மிகப் பெரியது. அந்தத் துக்கத்தை அதற்குரிய பெயரிட்டே சொல்லுங்கள். கணவரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் இழந்தது தாயை என்பதால், உனக்கு மட்டும் என்ன என்ற கேள்விக்கு உங்கள் இருவருக்கும் பொதுவான விடை அதில் கிடைக்கும் என்று நம்புகிறேன்.

முந்தின இரவு வானிலை பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள். இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். சில மணி நேரத் துன்பத்தை அது ஓர் இரவு முழுவதற்கும் நீட்டுகிறது. தூக்கம் கெட்ட உடம்போடு மறுநாளைச் சந்திக்கும்போது பாரம் இரட்டிப்பாகிறது. மேகம் வராமல் போனாலும் அஞ்சிக் கழித்த இரவு திரும்பக் கிடைப்பதில்லை.

புளி காய்வதற்குத்தான் வெயில் வேண்டும், கொட்டை எடுக்க வேண்டியதில்லை. மாடியில் சந்திக்கும் பெண்களில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரையேனும் மப்பான நாளில் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது உங்கள் முறத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். கூடத்தில் அத்தை உட்கார்ந்த இடத்தில் இன்னொருவரைப் பார்ப்பது முதலில் வலிக்கும். அந்த வலியில் தவறு ஒன்றும் இல்லை. அத்தகைய நாள்களில் கடைப் பையனை எதிர்பார்க்காமல் சாப்பாட்டை நீங்களே எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்தைக் கடந்து கடைக்குப் போய்வரலாமா என்றும் யோசியுங்கள். படுக்கை உங்களை இழுக்கும் அந்த நேரத்தில் நீங்கள் வெளியில், மனிதர்களுக்கு நடுவில் இருப்பீர்கள்.

உடலையும் கவனிக்க வேண்டும். உங்கள் வயதில் மாதவிடாய் நிற்பதை ஒட்டி மனநிலை ஏறி இறங்குவதும் தூக்கம் கெடுவதும் உண்டு. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் சோர்வாகவே வெளிப்படும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெயில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் இந்தப் பாரம் நீடித்தால், பசியும் தூக்கமும் மாறினால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், தாமதிக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் உங்களுக்குத் தொலைவில் இல்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையையும் நாடலாம்.

மகனிடம் விளக்கு வேண்டாம் என்று அன்போடு சொல்லிவிடுங்கள். அவன் அக்கறை மெய்யானது. அதை வேறு வழியில் கேட்டுப் பெறலாம். நமக்குப் பிற்பகல் இரண்டு மணி ஆகும்போது மார்ச் தொடக்கத்து டப்ளினில் காலை எட்டரை மணி, அவன் வேலைக்குக் கிளம்பும் நேரம். மப்பான நாளில் நீங்கள் அழைத்தால் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று அவனிடம் கேளுங்கள். பேசும்போது அவனுடைய ஆயாவைப் பற்றி அவனுக்கு என்னென்ன நினைவிருக்கிறது என்று விசாரியுங்கள்.